ஐயாவோட 8 எம்எம் ரீலை டிஜிட்டலா மாத்தணும், எந்த ஃபார்மேட்ல கேட்டு வாங்குறது?

வளவுத்திண்ணை (கானாடுகாத்தான்)

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான்ல எங்க ஐயா வீடு வருசத்துல பத்து மாசம் பூட்டியே கெடக்கும், போன மாசம் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கிற குடும்பக் கும்பிடு) எல்லாரும் வந்திருந்தப்ப ரெண்டாங்கட்டுல ஒரு பழைய மர அலமாரிய ஒழிச்சோம். மங்குச் சாமானுக்கெல்லாம் அடில ஒரு தகரப்பெட்டி. தெறந்தா மஞ்சக் கலர்ல சின்னச் சின்ன அட்டைப்பெட்டி 19 இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு ரீல். அதுபோக அஞ்சு அங்குல அகலத்துல பெரிய ரீல் ரெண்டு. ஐயா 1950கள்ல பினாங்குல கொண்டுவிக்கப் (வியாபாரத்துக்கு) போயிருந்தாக, அங்க வாங்குன கேமரால எடுத்ததுன்னு அப்பத்தா சொல்றாக. பெட்டி மேல ஐயா கையெழுத்துலயே மைல எழுதியிருக்கு: "சின்னவன் புதுமை", "பெரியவ கல்யாணம் 2", "குன்றக்குடி காவடி", ஒண்ணுல வெறும் "ரஜூலா"ன்னு மட்டும். அது நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்த கப்பல் பேருன்னு அப்பச்சி (எங்க அப்பா) சொன்னாக.

இத டிஜிட்டலா மாத்தணும்னு ரெண்டு எடத்துல விசாரிச்சேன். ஒரு எடத்துல "டிவிடில போட்டுத் தரவா, பென்டிரைவ்ல எம்பி4 தரவா"ன்னு கேட்டாங்க, அவ்ளோதான். இன்னொரு எடத்துல "புரோரெஸ் வேணுமா, டிபிஎக்ஸ் வேணுமா, 2கேயா 4கேயா, ஃப்ளாட்டா குடுக்கவா, கிரேட் பண்ணிக் குடுக்கவா"ன்னு கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, யோசிச்சு சொல்றேன்னு போனை வச்சிட்டேன். சிங்கப்பூர்ல இருக்கிற என் சித்தப்பா மகன் என்னடான்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய புரொஜக்டர் கெடைக்கும், அத வாங்கி வளவுல (முற்றத்தைச் சுத்தின தாழ்வாரம்) வேட்டியக் கட்டி ஓட்டிவிட்டு போன்ல புடிச்சிட்டாப் போதும்ங்கிறான்.

அப்பத்தாவுக்கு 86 ஆகுது. படத்துல யாரு யாருன்னு சொல்றதுக்கு அவுகளத் தவிர இப்ப ஆள் இல்ல. அதனால நாள் கடத்தவும் மனசில்ல, அவசரத்துல தப்பான ஃபார்மேட்ல வாங்கிட்டு பின்னாடி முழிக்கவும் மனசில்ல. இன்னும் முப்பது வருசம் கழிச்சு என் மக தெறந்தாலும் தெறக்கணும், இப்ப டிவில போட்டாலும் ஓடணும். எத வாங்குறது? ஒண்ணு போதுமா, ரெண்டு மூணா வாங்கணுமா? தெரிஞ்சவுக சொல்லுங்க.

தேவகோட்டைரஸ்தா

தம்பி ரொம்ப யோசிக்காதீங்க, எம்பி4 ஹெச்.264 வாங்கிருங்க. போன், டிவி, லேப்டாப், கார்ல இருக்கிற பிளேயர் வரைக்கும் எல்லாத்துலயும் ஓடும். எங்க வீட்டு ரீலை அப்படித்தான் வாங்கினோம், எல்லாருக்கும் அனுப்பி எல்லாரும் பாத்தாச்சு. புரோரெஸ், டிபிஎக்ஸ் எல்லாம் சினிமாக்காரங்க சமாச்சாரம், நூறு ஜிபி ஃபைலை வச்சிக்கிட்டு வீட்டுல யாரு தெறந்து பாக்கப் போறா? டிவிடி மட்டும் வேண்டாம், இப்ப எந்த லேப்டாப்லயும் டிரைவே கெடையாது.

ரீல்பெட்டி (காரைக்குடி, இப்ப சென்னை)

ஃபார்மேட்டுக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல ஒண்ணு. தயவுசெஞ்சு அந்தப் புரொஜக்டர வாங்கி ஓட்டிறாதீங்க. நான் சென்னைல போஸ்ட் புரொடக்சன்ல இருவது வருசமா இருக்கேன், பழைய பிலிமும் நிறைய கையில வந்திருக்கு. அறுவது வருசம் நம்ம ஊர் வெயில்ல கெடந்த பிலிம் சுருங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, நூத்துக்கு ஒண்ணு சுருங்கினாலும் புரொஜக்டர்ல இருக்கிற நகம் ஓட்டைல சரியா உக்காராம ஓரத்தைக் கிழிச்சிக்கிட்டே போகும். நின்னுருச்சுன்னா லைட்டு சூட்டுல அந்த ஃப்ரேம் உருகி ஓட்டையாயிரும். அது மட்டுமில்ல, பழைய 8 எம்எம் ஓடுறது நொடிக்கு 16 ஃப்ரேம், உங்க போன் எடுக்கிறது 25 இல்ல 30, ரெண்டும் ஒத்துப்போகாம படம் மினுக்கு மினுக்குன்னு மினுக்கும். ஒரே ஒரு தடவ ஓட்டுறதுக்காக ரீலைப் பலி குடுக்க வேண்டாம்.

இப்ப நீங்க மூணு விசயம் பாத்துச் சொல்லணும். ஒரு ரீலை எடுத்து, கைய நல்லாக் கழுவித் தொடச்சிட்டு, ஓரத்தை மட்டும் புடிச்சு, முன்னாடி வெறுமையா இருக்கிற பிலிம ஒரு ரெண்டடி தாண்டி படம் வர்ற எடத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. ஓட்டை பெருசா, ரெண்டு படத்துக்கும் நடுவுல கோடு வர்ற எடத்துல இருந்தா ரெகுலர் 8, அது 1932ல வந்தது. ஓட்டை சின்னதா படத்தோட நட்ட நடுவுக்கு நேரா இருந்தா சூப்பர் 8, அது 1965ல வந்தது. ரீலோட நடு ஓட்டையும் சொல்லும், பென்சில் மட்டும் நுழையிற மாதிரி இருந்தா ரெகுலர், சுண்டுவிரல் சுலபமாப் போனா சூப்பர். லேப்ல கேட்ட ஒடனே இதத்தான் கேப்பாக.

ரெண்டாவது மோந்து பாருங்க. காடி வாசம், ஊறுகாய் கெட்டுப்போன மாதிரி புளிச்ச நெடி வந்தா வினிகர் சிண்ட்ரோம் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். பிலிமோட அடிப்பட்டை அசிட்டேட், சூடும் ஈரமும் பட்டா அது சிதைஞ்சு அசெட்டிக் ஆசிட் கக்கும், அந்த ஆசிடே சிதைவ இன்னும் வேகமாக்கும், பக்கத்துல இருக்கிற ரீலுக்கும் பரவும். நெடி அடிக்கிறத தனியா எடுத்து வச்சு அத மொதல்ல ஸ்கேனுக்கு அனுப்பணும்.

மூணாவது வெள்ளையா, பாசி புடிச்ச மாதிரி, நூல் நூலா ஏதாவது படிஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா பூஞ்சை. ஈரத்துணி வச்சுத் தொடச்சிறாதீங்க, பூஞ்சை தின்ன எடத்துல ஜெலட்டின் தண்ணில கரையும், படத்தையே தொடச்சு எடுத்துருவீங்க. அப்படியே லேப்ல குடுங்க, அவுகளுக்குத் தெரியும்.

மஞ்சப் பெட்டின்னா கோடாக் தான், கலர்ப் படமா இருந்தா பெரும்பாலும் கோடாக்ரோம். அதோட கலர் இருட்டுல இருந்தா லேசுல மங்காது, அது ஒரு பெரிய ஆறுதல்.

பள்ளத்தூர்_ஆச்சி

நான் பட்டதைச் சொல்றேன், உங்களுக்கு உதவியா இருக்கும்.

எங்க வீட்டுல அப்பச்சி எடுத்த ரீல் நாலு இருந்துச்சு. அவுக கல்யாணத்துக்கு மறுவருசத்துலேர்ந்து எடுத்தது. 2007ல ஒரு கடைல குடுத்து டிவிடியா மாத்தினோம், அப்ப அதுதான் பெரிய விசயம். நாலு டிவிடி குடுத்தாங்க, எல்லாரும் உக்காந்து பாத்தோம், அழுதோம், அவ்ளோதான் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சோம். ரெண்டு வருசம் கழிச்சு வீடு பங்கு பிரிச்சப்ப பழைய சாமானெல்லாம் வெல பேசி ஏத்துனாங்க, "அதான் டிவிடில இருக்கே"ன்னு ரீலும் தகரப்பெட்டியோட போயிருச்சு. நானும் கூட நின்னுதான் பாத்தேன், ஒரு வார்த்த சொல்லல.

இப்ப நாலு டிவிடில ரெண்டு தெறக்கவே மாட்டேங்குது. பீரோல வெயில் படாமத்தான் வச்சிருந்தேன். தெறக்கிற ரெண்டையும் என் மருமகன் பெரிய டிவில போட்டுக் காமிச்சாரு, முகமெல்லாம் கரைஞ்ச மாதிரி இருக்கு. அதவிட எனக்கு ஆத்தாம தீராதது என்னன்னா, அந்தக் கடைக்காரங்க படத்தை டிவி முழுசும் ரொப்பணும்னு நாலு ஓரமும் வெட்டியிருக்காங்க. முகப்புல எல்லாரும் வரிசையா நிக்கிற எடத்துல கடைசியா எங்க அப்பத்தா நின்னாக. அப்பச்சி புரொஜக்டர்ல ஓட்டுனப்ப அவுகள முழுசாப் பாத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டிவிடில அவுக சீலைத் தலைப்பு மட்டும் ஓரத்துல ஆடுது. அவுகளுக்கு வேற போட்டோவே கெடையாது.

அதனால நீங்க எந்த ஃபார்மேட் வேணும்னாலும் வாங்குங்க தம்பி, ஓரத்தை வெட்டாமக் குடுக்கச் சொல்லுங்க. ரீலை எக்காரணம் கொண்டும் வீட்டை விட்டு அனுப்பாதீங்க.

வளவுத்திண்ணை

ஆச்சி, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் தோணல. இத எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. எங்க வீட்டு ரீலை எங்கயும் அனுப்ப மாட்டேன்.

ரீல்பெட்டி அண்ணே, சொன்ன மாதிரி பாத்தேன். ஓட்டை பெருசு, படத்துக்கும் படத்துக்கும் நடுவுல இருக்கு, அப்ப ரெகுலர் 8. ஓரத்துல சின்ன எழுத்துல கோடாக்னு இருக்கு, பக்கத்துல ஒரு சதுரமும் முக்கோணமும் மாதிரி குறி இருக்கு, அது என்ன? பூஞ்சை இல்ல. 19ல மூணு ரீல்ல புளிச்ச நெடி லேசா அடிக்குது, அதுல ஒண்ணு "ரஜூலா". பெரிய ரீல் ரெண்டும் நல்லா இருக்கு. நெடி அடிக்கிற மூணையும் தனியா வச்சிட்டேன்.

பூதக்கண்ணாடி வச்சு ஒரு ரீலைப் பாத்தேன், சுண்டுவிரல் நகத்துல பாதி கூட இருக்காது ஒரு படம், அதுக்குள்ள எங்க வளவுத் தூணும் முற்றமும் தெரியுது. முற்றம் வெள்ளையா வெயில்ல எரியுது, பட்டாலைல (முற்றத்தை ஒட்டுன திண்ணை) உக்காந்திருக்கிறவுக எல்லாம் கருப்பா, உருவம் மட்டும். ஸ்கேன் பண்ணா அவுக முகம் தெரியுமா?

ரீல்பெட்டி

அந்தக் குறி கோடாக்கோட தேதிக் குறி தம்பி. வட்டம், சதுரம், முக்கோணம்னு மாத்தி மாத்திப் போட்டு அந்த பிலிம் தயாரான வருசத்தைச் சொல்லியிருப்பாங்க, 20 வருசத்துக்கு ஒரு தடவ அதே குறி திரும்ப வரும். பட்டியல் நெட்ல கெடைக்கும். தயாரான வருசந்தான், எடுத்த வருசம் ஒண்ணு ரெண்டு தள்ளி இருக்கலாம், ஆனா அப்பத்தா சொல்ற கல்யாண வருசத்தோட சேத்துப் பாத்தா கண்டுபுடிச்சிரலாம்.

நீங்க கேட்ட கடைசிக் கேள்விலதான் மொத்த ஃபார்மேட் பஞ்சாயத்தும் இருக்கு. நம்ம வீடு கட்டியிருக்கிற விதம் அப்படி, முற்றத்துல வெயில் கொட்டும், நாலு பக்கமும் வளவு இருட்டா இருக்கும், ஐயா ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல புடிச்சிருக்காக. கோடாக்ரோம் வேற இருட்டுப் பகுதில ரொம்பக் கெட்டியா இருக்கிற பிலிம். ஆனா அந்தக் கருப்புக்குள்ள முகம் இருக்கும், பிலிம்ல பதிஞ்சிருக்கும். நல்ல ஸ்கேனர் வெளிச்சத்தைக் கூட்டி ஊடுருவி அத எடுக்கும், சில மிசின்ல ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு வெளிச்சத்துல ரெண்டு தடவ எடுத்து ஒண்ணாச் சேப்பாக, கேட்டுப் பாருங்க. அப்படி எடுத்ததை எதுல வாங்குறீங்கங்கிறதுதான் கேள்வி.

எம்பி4 ஹெச்.264ங்கிறது சாதாரணமா 8 பிட். ஒவ்வொரு நெறத்துக்கும் 256 படி. 10 பிட்னா 1024 படி. கண்ணுக்கு இப்ப ஒண்ணாத்தான் தெரியும். ஆனா நாளைக்கு பட்டாலைல இருக்கிற முகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கணும்னு வெளிச்சத்தைக் கூட்டினா, 8 பிட்ல அந்த இருட்டுக்குள்ள இருக்கிறதே நாலஞ்சு படிதான், முகம் திட்டுத் திட்டா உடைஞ்சு வரும். போதாததுக்கு ஹெச்.264 எடத்தை மிச்சம் புடிக்க இருட்டா இருக்கிற பகுதியத்தான் மொதல்ல வழிச்சுத் தள்ளும், கண்ணுக்குத் தெரியாதுங்கிற கணக்குல. உங்களுக்கு வேணுங்கிறதே அந்த எடம். கலரையும் நாலு புள்ளிக்கு ஒண்ணாச் சுருக்கிரும். 10 பிட் புரோரெஸ்ல (எடிட்டிங்குக்குன்னு இருக்கிற, கொஞ்சமா மட்டும் சுருக்குற ஃபார்மேட்) இந்தக் கஷ்டம் வராது.

ரஸ்தா அண்ணன் சொன்னதுல தப்பு இல்ல, பாக்குறதுக்கு எம்பி4 தான். ஆனா பெரிய ஃபைல்லேர்ந்து எம்பி4 எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம், எம்பி4லேர்ந்து பெரிய ஃபைல் எடுக்க முடியாது. சுண்டக் காச்சின பால்ல தண்ணி ஊத்தினா பழைய பால் வருமா? அதனால ரெண்டும் வாங்குங்க.

கணக்கு போட்டுச் சொல்றேன். ரெகுலர் 8 அம்பதடி ரீலுக்கு 4000 ஃப்ரேம், நொடிக்கு 16ன்னா நாலு நிமிசம் பத்து செகண்டு ஓடும். உங்க 19 ரீல் 76,000 ஃப்ரேம். அஞ்சு அங்குல ரீல் பெரும்பாலும் இருநூறடி, ஒண்ணுக்கு 16,000, ரெண்டுக்கு 32,000. ஆக மொத்தம் 1,08,000 ஃப்ரேம், கிட்டத்தட்ட 1 மணி 52 நிமிசம். இத 1080ல புரோரெஸ் 422 ஹெச்க்யூல எடுத்தா சுமார் 100 ஜிபி. அவ்ளோதான். ரஸ்தா அண்ணன் பயந்த நூறு ஜிபி இன்னைக்கு ஒரு போன்ல அடங்கிரும். டிபிஎக்ஸ்ங்கிறது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி படம், 2கே 10 பிட்ல ஒண்ணு 12 எம்பிக்கு மேல, மொத்தம் 1.3 டிபி தாண்டும், சினிமா ரெஸ்டோரேசனுக்கு அது சரி, வீட்டுக்கு அத வாங்கி லட்சம் ஃபைலைக் கட்டி மேய்க்க முடியாது.

4கே வேண்டாம்னுதான் சொல்வேன். ரெகுலர் 8ல படத்தோட அகலமே 5 மில்லிமீட்டருக்குக் கீழ, 2கேலயே (அகலத்துல சுமார் 2000 புள்ளி) பிலிமோட கிரெய்ன் (மணல் மாதிரித் தெரியிற பொடிப்புள்ளி) வரைக்கும் வந்துரும், அதுக்கு மேல போனா கிரெய்ன்தான் பெருசாத் தெரியும். அந்தக் காசை நல்ல மிசின் இருக்கிற லேப்புக்குக் குடுங்க. சுருங்கின பிலிம்ங்கிறதால நகம் வச்சு இழுக்காத, உருளைல ஓடுற ஸ்கேனரான்னு கேளுங்க.

அப்புறம் லேப்ல இப்படிச் சொல்லுங்க. ஃப்ரேம் ஃப்ரேமா ஸ்கேன் பண்ணணும். ஆச்சி சொன்னாகளே, அதுக்கு பேரு ஓவர்ஸ்கேன், படத்தோட ஓரம் தாண்டி ஓட்டைல கொஞ்சம் தெரியிற வரைக்கும் எடுக்கச் சொல்லுங்க. கேமரா பதிஞ்சது புரொஜக்டர் காட்டுறத விடக் கொஞ்சம் அதிகமாவே இருக்கும், அதுவும் கெடைக்கும். டிவி அகலத்துக்கு இழுக்கக் கூடாது, 4க்கு 3 அப்படியே இருக்கட்டும், ரெண்டு பக்கமும் கருப்பா வந்தா வரட்டும். கிரெய்ன் எடுக்கிறது, ஷார்ப் பண்றது, ஏஐ போட்டு மெருகேத்துறது எதுவும் மாஸ்டர்ல (மூலமா வச்சுக்கிற பெரிய ஃபைல்ல) இருக்கக் கூடாது. இந்த ஏஐ விசயத்துல நான் கொஞ்சம் கறார், ஏன்னா மங்கலா இருக்கிற முகத்தை அது தெளிவாக்குறேன்னு சொல்லி தானா ஒரு மூக்கையும் கண்ணையும் வரைஞ்சு வச்சிரும், பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அது உங்க ஐயா முகம் இல்ல. ஃப்ளாட்டாக் குடுக்கவான்னு கேட்டாகளே, ஆமான்னு சொல்லுங்க, பாக்க வெளிறினாப்ல இருக்கும், பயந்துறாதீங்க, வெயிலும் இருட்டும் ரெண்டும் வெட்டுப்படாம உள்ள இருக்கும். கலர் சரி பண்ணது எம்பி4ல வரட்டும்.

வேகம் முக்கியம். 16 ஃப்ரேமை 25 ஆக்குறேன்னு ரெண்டு படத்தைக் குழைச்சு நடுவுல ஒரு பொய்ப் படம் செஞ்சு போடுவாக, ஆள் நடந்தா பின்னாடி பேய் மாதிரி நிழல் வரும். மாஸ்டர்ல ஒரு பிலிம் ஃப்ரேமுக்கு ஒரு வீடியோ ஃப்ரேம், 16ன்னே குறிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. ஓட்டிப் பாத்து காவடி ஆடுறவுக சரியா ஆடுனா 16, சோம்பலா ஆடுனா 18ன்னு மாத்திக்கலாம், ஃப்ரேம் பத்திரமா இருந்தா வேகம் நம்ம கைல.

தேவகோட்டைரஸ்தா

ரீல்பெட்டி இவ்ளோ விவரமாச் சொன்னப்புறம்தான் எனக்கே உறுத்துது. எங்க வீட்டு ரீல் இன்னும் பீரோல இருக்கு, எம்பி4 மட்டும்தான் வாங்கினோம். எங்க வளவுக் காட்சிலயும் உள்ள உக்காந்திருக்கிறவுக கருப்பாத்தான் இருக்காக, பிலிமே அப்படின்னு நெனச்சுட்டேன். திரும்ப ஸ்கேன் பண்ணலாமா?

ரீல்பெட்டி

தாராளமாப் பண்ணலாம்ணே, ரீல் இருக்கே. நெடி அடிக்குதான்னு மட்டும் இன்னைக்கே பாத்துருங்க.

நகல்மூணு (கோட்டையூர்)

ரீல்பெட்டி சொன்னதுல ஒரே ஒரு எடத்துல மாறுபடுறேன். மாஸ்டருக்கு புரோரெஸ் நல்லதுதான், ஆனா அதுவும் கொஞ்சம் சுருக்குற ஃபார்மேட். இழப்பே இல்லாம வேணும்னா எஃப்எஃப்வி1, எம்கேவி உறைல. ஒரு புள்ளி கூட மாறாது, டிபிஎக்ஸ்ல இருக்கிறது அப்படியே திரும்பி வரும், எடம் அதுல பாதியை ஒட்டி ஆகும், கிரெய்ன் அதிகம்னா கொஞ்சம் கூடும். உள்ளயே செக்சம் இருக்கும், ஃபைல்ல எங்கயாவது கெட்டுப்போனா எந்த எடம்னு காட்டிக் குடுக்கும். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல, அதோட இலக்கணம் 2021ல ஆர்எஃப்சி 9043ன்னு பொதுவுல வந்தாச்சு, முப்பது வருசம் கழிச்சு யாரும் அதப் படிச்சு தெறக்குற நிரல் எழுதிக்கலாம். விஎல்சில இப்பவே ஓடும். உலகத்துல பல ஆவணக் காப்பகங்க இதத்தான் வச்சிருக்காங்க. ஆனா நம்ம ஊர்ப்பக்க லேப்ல நெறையப் பேருக்கு இது பழக்கமில்ல, கேட்டா முழிப்பாக. குடுத்தா வாங்குங்க, இல்லன்னா புரோரெஸ் ஹெச்க்யூ வாங்கிட்டு நிம்மதியா இருங்க, 8 எம்எம்ல அந்த வித்தியாசத்தைக் கண்ணு புடிக்காது.

அதவிட ஃபைலை எங்க வைக்கிறீங்கங்கிறதுதான் எனக்குக் கவலை. மூணு நகல் வேணும், ரெண்டு வெவ்வேற சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல. நம்மாளுகளுக்கு இது ரொம்பச் சுலபம், ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தர் சென்னைல, ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்காகளே. ஒரு ஹார்டு டிஸ்க் உங்ககிட்ட, ஒண்ணு உங்க சித்தப்பா மகன்கிட்ட, ஒண்ணு கிளவுட்ல. பூட்டிக் கெடக்கிற வீட்டுல வைக்காதீங்க, சித்திரை வெயில்ல மேல்மாடி அடுப்பு மாதிரி இருக்கும். வாங்குன அன்னைக்கே ஷா-256 எண் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி) எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி கூடவே வைங்க, வருசத்துக்கு ஒரு தடவ, படைப்புக்குக் கூடுறப்ப வச்சுக்கங்களேன், டிஸ்க்கை மாட்டி அந்த எண் ஒத்துப்போகுதான்னு பாருங்க. அஞ்சாறு வருசத்துல டிஸ்க்கை மாத்திருங்க.

இன்னொண்ணு, டிஸ்க்க எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணியிருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது. உங்க பெரிய ரீல் ஒண்ணே புரோரெஸ்ல 14 ஜிபி வரும். எக்ஸ்ஃபேட் பண்ணிக்கங்க. டிவில மாட்டுற பென்டிரைவ் மட்டும் எஃப்ஏடி32 இருக்கட்டும், பழைய டிவி அதத்தான் படிக்கும், எம்பி4 ரீலுக்கு ஒண்ணா வாங்கினா 600 எம்பி சொச்சந்தான் வரும், பிரச்சினை இல்ல. ஹெச்.265ல குடுக்கிறேன்னு சொன்னா வேண்டாம்னுருங்க, பழைய டிவி பலதுலயும் ஓடாது. வாட்ஸப்ல வீடியோவா அனுப்புனா அது தன் பங்குக்கு நசுக்கிரும், டாக்குமெண்டா அனுப்புங்க.

பெட்டி மேல ஐயா எழுதினதையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அந்தந்த ரீல் ஃபோல்டர்லயே போடுங்க. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் வாழ்நாள் முழுக்கச் சேத்த புத்தகந்தான் இன்னைக்கு சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமா நிக்குது, அங்க பழைய புத்தகத்தை மைக்ரோஃபிலிம் எடுத்தும் வச்சிருக்காக. நகல் எடுக்கிறது ஒரு வேலை, மூலத்தை வச்சுக் காப்பாத்துறது இன்னொரு வேலை, ரெண்டையும் செய்யணும். ரீலை அந்தத் தகரப்பெட்டில திரும்ப வைக்காதீங்க, துரு புடிக்கும், ஆசிட் ஆவி வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தும். காத்துப் போற பிளாஸ்டிக் டப்பால, ஆள் இருக்கிற வீட்டுல, குளிச்சியா, ஈரமில்லாத எடத்துல வைங்க. நெடி அடிக்கிற மூணும் தனியா.

வளவுத்திண்ணை

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். லேப்ல பேசுனேன், நீங்க சொன்னத அப்படியே ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு படிச்சுக் காட்டினேன். எஃப்எஃப்வி1 அவுககிட்ட இல்ல, புரோரெஸ் ஹெச்க்யூ 10 பிட், ஃப்ளாட், 2கே ஓவர்ஸ்கேன், 16 ஃப்ரேம், கூடவே எம்பி4 ஒரு செட்டு. நெடி அடிச்ச மூணையும் மொதல்ல அனுப்பினேன், நேத்து வந்துச்சு. "ரஜூலா"ல கடைசி அரை நிமிசம் பிலிம் நெளிஞ்சு போனதால படம் ஒரு பக்கம் கலங்கியிருக்கு, மத்தது நல்லா இருக்கு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா மிச்சமும் போயிருக்கும்னாங்க.

அப்பத்தாவ உக்கார வச்சு லேப்டாப் வழியா டிவில மாஸ்டரப் போட்டேன். கப்பல் மேல்தளத்துல ஐயா கேமராவ அப்படியே திருப்புறாக, கயிறு, தண்ணி, வெள்ளைச் சட்டை போட்ட ஆளுக. அப்பத்தா ஒண்ணும் பேசல. அப்புறம் ஒரு எடத்துல ஓரத்துல, ஓட்டைக்கு ஒட்டுன எடத்துல, கம்பியைப் புடிச்சிருக்கிற ஒரு கை மட்டும் தெரிஞ்சுது, நெளிவளையல் ரெண்டு. நிறுத்தச் சொன்னாக. "அது எங்க ஆத்தா கை. என்னைக் கொண்டாந்து விட வந்தாக"ன்னாக. எம்பி4ல பாத்தேன், ஓரம் கொஞ்சம் சரி பண்ணிருக்காங்க, அதுல அந்தக் கை இல்ல. மாஸ்டர்ல மட்டும்தான் இருக்கு. பள்ளத்தூர் ஆச்சி, ஒடனே உங்களத்தான் நெனச்சேன்.

இப்ப அப்பத்தா பேசப் பேச அதப் பதிஞ்சு வைக்கணும். படத்துலயே சத்தமாச் சேத்துரலாமா, தனியா வைக்கவா?

பள்ளத்தூர்_ஆச்சி

அந்தக் கைய நிறுத்தி ஒரு படமா எடுத்து, அப்பத்தாவுக்குப் பெருசாப் போட்டுக் குடுங்க தம்பி.

ரீல்பெட்டி

மாஸ்டரத் தொடாதீங்க, அது ஊமையாவே இருக்கட்டும். போன்ல ரெக்கார்ட் பண்ணலாம், ஆனா வேவ் ஃபைலா (சுருக்காத ஒலி ஃபைல்), 48 கிலோஹெர்ட்ஸ்ல, போனை அப்பத்தா பக்கத்துல ஒரு தலகாணி மேல வச்சு, ஃபேனை நிறுத்திட்டு எடுங்க. படத்தை ஓட்ட ஆரம்பிக்கிறப்ப ரீல் பேரைச் சொல்லி ஒரு தடவ கையத் தட்டுங்க, பின்னாடி படத்தோட பொருத்தச் சுலபமா இருக்கும். வேவ் ஃபைலை அந்த ரீல் ஃபோல்டர்ல தனியாப் போடுங்க, சேத்து ஒரு எம்பி4 பண்ணி வீட்டுல எல்லாருக்கும் குடுங்க. நடுவுல அவுக பேசாம இருந்தாலும் நிறுத்தாதீங்க, ஓடட்டும். ஒரு நாளைக்கு ரெண்டு ரீலுக்கு மேல வேண்டாம், 86 வயசு, அசந்துருவாக. மிச்ச 16ம் பெரிய ரெண்டும் எப்ப அனுப்புறீங்க?

வளவுத்திண்ணை

திங்கக்கிழமை நானே நேர்ல கொண்டுபோய்க் குடுக்கிறேன்ணே, கூரியர்ல அனுப்ப மனசில்ல. "பெரியவ கல்யாணம் 2" இருக்கு, 1 மட்டும் பெட்டில இல்ல, அலமாரிய இன்னொரு தடவ ஒழிச்சுப் பாக்கணும்.